டெவில்ஸ் கார்டன்: இருவராகப் போகும் ஒரு நாள் பாறை நடைக்கு முழுமையான வழிகாட்டி

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் மோவாப் ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் ஆர்ச்சஸ் தேசியப் பூங்காவுக்குப் போகிறவர்களில் பலர் டெலிகேட் ஆர்ச் என்ற பாறை வளைவின் முன்னால் நின்று ஒரு படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். தப்பில்லை, அதுவும் அழகுதான். ஆனால் பூங்காச் சாலை முடிகிற இடத்தில், விசிட்டர் சென்டரிலிருந்து 29 கி.மீ. தள்ளி, டெவில்ஸ் கார்டன் என்று ஒரு டிரெயில் இருக்கிறது. எல்லாக் கிளைப்பாதைகளையும் சேர்த்து முழுச் சுற்றும் நடந்தால் 12.7 கி.மீ. வரும். தூரத்தை மட்டும் பார்த்தால் பெரிய விஷயமே இல்லை, சமதரையில் மூன்று மணி நேரம். இங்கே கால்வைக்கும் இடம் மணல், பாறை, சரிவு, விளிம்பு என்று மாறிக்கொண்டே இருப்பதால் ஐந்து முதல் ஏழு மணி நேரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள், அதுவும் வெயிலுக்கு முன்னால் தொடங்கினால்.

கணவன் மனைவியாக, அல்லது எந்த இரண்டு பேராக இருந்தாலும் சரி, ஜோடியாகப் போகிறவர்களை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். காரணம் இருக்கிறது. இந்தப் பாதையில் யாருக்கு ஸ்டாமினா அதிகம் என்பது அவ்வளவாகப் பொருட்டில்லை. உயரத்தை யாரால் எவ்வளவு தாங்க முடியும் என்பதுதான் நாளை முடிவு செய்கிறது, அது இரண்டு பேருக்கும் ஒரே அளவில் இருப்பது அபூர்வம். எங்கள் வீட்டில் அவர் வாரம் தவறாமல் ஓடுகிறவர், நான் மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குகிறவள். ஆனால் ஃபின் என்கிற ஒல்லிப் பாறைச் சுவர் மேல் நடக்கும்போது தயங்கியது அவர்தான். அதனால் யார் வேகம், யார் மெதுவு என்று வீட்டிலேயே போட்ட கணக்கை அங்கே கொண்டுபோகாதீர்கள்.

எப்போது போவது

ஏப்ரல், மே, அப்புறம் செப்டம்பர் பாதிக்கு மேல் அக்டோபர் வரை. பகலில் சுமார் 15 முதல் 27 டிகிரி செல்சியஸ் இருக்கும், நடப்பதற்கு அதுதான் சரியான அளவு. கோடையில் 38 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம், பாறை அந்தச் சூட்டை வாங்கி வைத்துக்கொண்டு மாலை வரை திருப்பித் தரும். ஜூன், ஜூலை, ஆகஸ்டில்தான் லீவு கிடைக்கும் என்றால் முழுச் சுற்றை விட்டுவிட்டு, சுமார் ஒன்றரை கி.மீ.யில் வரும் லேண்ட்ஸ்கேப் ஆர்ச் வரை விடியற்காலையில் போய்வாருங்கள், போதும். ஜூலை முதல் செப்டம்பர் வரை பிற்பகலில் இடிமழை வரும் பருவம். அந்த மழை கொஞ்ச நேரம்தான் பெய்யும், ஆனால் பாறைச் சுவர்களுக்கு நடுவிலிருக்கும் வறண்ட ஓடைகள் சட்டென்று நிரம்பிவிடும், உயரமான பாறை மேல் நிற்பவருக்கு மின்னலும் பயம்.

மே கடைசியிலும் ஜூனிலும் கண்ணுக்கே தெரியாத அளவுக்குச் சின்னப் பூச்சிகள் காதையும் கழுத்தையும் கடித்து எடுத்துவிடும், தலைக்கு மேல் போடும் மெல்லிய வலை ஒன்று பையில் இருந்தால் நல்லது. குளிர்காலத்தில் கூட்டமே இருக்காது, சிவப்புப் பாறை மேல் பனி படிந்தால் பார்க்க அபாரமாக இருக்கும். ஆனால் நிழல் விழும் சரிவுகளில் பனி உறைந்து கண்ணாடியாகிவிடும் என்பதால் சுற்றின் கடினமான பகுதியான ப்ரிமிடிவ் டிரெயில் பக்கம் போகவே வேண்டாம்.

முன்கூட்டியே முடிக்க வேண்டியவை

காருக்கு நுழைவுக் கட்டணம் 30 டாலர், ஏழு நாளைக்குச் செல்லும். 2022 முதல் நெரிசல் மாதங்களில் நேரம் குறித்து முன்பதிவு செய்தவர்களைத்தான் உள்ளே விட்டார்கள். அந்த விதி ஆண்டுக்கு ஆண்டு மாறுகிறது. கிளம்புகிற வாரத்தில் தேசியப் பூங்கா சேவையின் இணையதளத்தில் ஒரு முறை பார்த்துவிடுங்கள். போன வருஷம் நண்பர் போனபோது இப்படி இருந்தது என்பதெல்லாம் வாசலில் செல்லாது.

பூங்காவுக்குள் சாப்பாட்டுக் கடை எதுவும் கிடையாது. மோவாப் ஊர் நுழைவாயிலிலிருந்து எட்டு கி.மீ. தூரத்தில்தான், முந்தின இரவே அங்கே தங்கி எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். போன் சிக்னலை நம்ப வேண்டாம், பூங்கா சேவையின் செயலியில் ஆர்ச்சஸ் பக்கத்தை ஆஃப்லைனில் சேமித்துக்கொள்ள வசதி இருக்கிறது. எந்த டிரெயிலில் போகிறீர்கள், இத்தனை மணிக்குள் கூப்பிடாவிட்டால் அவசர உதவி எண் 911-ஐ அழை என்று பொறுப்பான ஒருவருக்கு மெசேஜ் அனுப்பிவிடுங்கள். இருவருமாகப் போகிறோம், ஒருவருக்கு ஒன்று என்றால் இன்னொருவர் இருக்கிறார் என்று நினைக்கத் தோன்றும். பாறையில் ஒருவர் கால் சுளுக்கினால் இன்னொருவர் அவரை விட்டுவிட்டுப் போகவா, கூடவே உட்காரவா என்று தவிக்க வேண்டியிருக்கும், அந்த நேரத்தில் வெளியே ஒருவருக்கு விஷயம் தெரிந்திருப்பது பெரிய ஆறுதல்.

நாய்களை டிரெயிலில் அனுமதிப்பதில்லை. டிரோனும் கூடாது.

பையில் என்ன

தண்ணீர்தான் முதலில், தலைக்கு நான்கு லிட்டர். கனக்கும், முணுமுணுப்பு வரும், இருந்தாலும் குறைக்காதீர்கள். டிரெயில் தொடங்கும் இடத்தில் குடிநீர்க் குழாய் உண்டு, அதற்கப்புறம் வழியில் ஒரு சொட்டு கிடைக்காது. விசிட்டர் சென்டரிலேயே எல்லா பாட்டிலையும் நிரப்பிக்கொண்டு, குழாயில் மறுபடி வயிறு நிறையக் குடித்துவிட்டுத் தொடங்குங்கள். தண்ணீரைப் பிரித்துத் தூக்குங்கள், மொத்தத்தையும் ஒரே பையில் வைத்தால் அந்தப் பை விழுந்து உருண்டால் நாளே முடிந்தது. ஆளுக்கொரு பை, ஆளுக்கொரு தண்ணீர், ஒருவர் பையில் முதலுதவிப் பொருட்கள், இன்னொருவர் பையில் விளக்கு என்று இல்லாமல் இரண்டு பேரிடமும் நெற்றி விளக்கு இருக்கட்டும்.

வெறும் தண்ணீரை மட்டும் மணிக்கணக்கில் குடித்துக்கொண்டே இருந்தாலும் ஆபத்து, வியர்வையில் போன உப்பு திரும்பி வராமல் ரத்தத்தில் சோடியம் குறைந்துவிடும். தலைவலி, குமட்டல், குழப்பம் எல்லாம் வெயில் மயக்கம் போலவே தெரியும், மேலும் மேலும் தண்ணீர் கொடுத்தால் நிலைமை மோசமாகும். அதனால் உப்புப் பொடி கரைத்த ஒரு பாட்டிலோ, உப்பு போட்ட கடலை, பிஸ்கட் மாதிரி எதையாவதோ மணிக்கொரு தரம் சாப்பிடுங்கள். இனிப்பு பார்கள் வெயிலில் தொண்டைக்குள் இறங்காது.

ஷூவைப் பற்றி ஒரு வார்த்தை. கணுக்கால் வரை ஏறும் கனமான பூட்ஸ் இங்கே தேவையில்லை, அடிப்பகுதி ரப்பர் மென்மையாக, தேயாமல், பாறையை நன்றாகப் பிடிக்கும் ஷூ வேண்டும். பழைய ஓட்ட ஷூவின் அடி வழவழப்பாகியிருந்தால் வீட்டிலேயே விட்டுவிடுங்கள். முழுக்கைச் சட்டை, அகலமான விளிம்புள்ள தொப்பி, சன்ஸ்க்ரீன். பாறை மேல் உட்கார்ந்து நகர வேண்டிய இடங்கள் வரும் என்பதால் கிழிந்தால் அழாத ஒரு பேண்ட். கைத்தடி வைத்திருப்பவர்கள் மடக்கிப் பைக்குள் போடக்கூடியதாகக் கொண்டுவாருங்கள், ஏறும் இடங்களில் இரண்டு கையும் காலியாக இருக்க வேண்டும்.

இந்தப் பாறைகள் எப்படி வந்தன

இதைத் தெரிந்துகொண்டு நடந்தால் பாதை ஏன் இப்படிக் குறுக்கும் நெடுக்குமாகப் போகிறது என்பது புரியும். சுமார் 30 கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே கடல் வந்து வந்து வற்றியதில் தடிமனான உப்புப் படுகை படிந்தது. அதன் மேல் யுகக்கணக்கில் மணலும் வண்டலும் குவிந்து பாறையாக, அந்தப் பாரத்தைத் தாங்காமல் உப்பு நெகிழ்ந்து நகர்ந்து மேலே புடைத்தது. மேலிருந்த பாறை வளைந்து, இணை இணையான கோடுகளில் விரிசல் விட்டது. அந்த விரிசல்களில் நீர் இறங்கி, உறைந்து, அரித்து அகலமாக்க, நடுவில் மிஞ்சியதெல்லாம் ரொட்டியைத் துண்டு போட்டு நிமிர்த்தி வைத்தது போல வரிசையாக நிற்கும் ஒல்லிப் பாறைச் சுவர்கள். இவற்றைத்தான் ஃபின் என்கிறார்கள். ஃபினின் நடுவில் பலவீனமான இடம் உதிர்ந்து ஓட்டை விழுந்தால் அது ஆர்ச். பூங்காவில் இப்படி 2,000-க்கும் மேல் இருக்கின்றன. டெவில்ஸ் கார்டனில் நீங்கள் நடப்பது இந்தச் சுவர்களுக்கு நடுவிலும், சில இடங்களில் சுவரின் தலை மேலும்.

இது என்ட்ராடா மணற்கல், ஜுராசிக் காலத்தது. மணற்கல் நனைந்தால் வலிமை குறையும், கையால் பிடித்த முனை கையோடு வரும். மழை பெய்து முடிந்த பிறகும் பாறை நன்றாகக் காயும்வரை சரிவுகளில் ஏறாதீர்கள் என்பதற்குக் காரணம் வழுக்கல் மட்டுமல்ல, இதுவும்தான்.

எந்தப் பக்கமாகச் சுற்றுவது

பெரிய வாக்குவாதம் நடக்கிற விஷயம் இது. வாகன நிறுத்தத்திலிருந்து சுமார் ஒன்றரை கி.மீ. நல்ல அகலமான சரளைப் பாதை லேண்ட்ஸ்கேப் ஆர்ச் வரை போகிறது. அதற்குச் சற்று முன்னால் வலது பக்கம் ப்ரிமிடிவ் டிரெயில் பிரிகிறது. நேராகப் போனால் பாறை ஏறி, ஃபின்கள் மேல் நடந்து டபுள் ஓ ஆர்ச். வலது பக்கம் போனால் மணல் ஓடைகள், பாறைச் சந்துகள், சறுக்கலான சரிவுகள் வழியாகச் சுற்றிக்கொண்டு அதே டபுள் ஓ. இரண்டும் சேர்ந்ததுதான் முழுச் சுற்று.

நான் சொல்வது ப்ரிமிடிவை முதலில் முடிப்பது. கடினமான பகுதி கால் புதிதாக இருக்கும் காலை நேரத்தில் முடிந்துவிடும். அங்கிருக்கும் செங்குத்தான சரிவுகளில் பலவற்றை இறங்காமல் ஏறலாம். பாறையில் ஏறுவது எப்போதும் இறங்குவதைவிடச் சுலபம், கண் எதிரில் பாறை இருக்கிறது, கால் எங்கே வைக்கிறோம் என்று தெரிகிறது. இதில் ஒரே ஒரு சிக்கல். டபுள் ஓ-விலிருந்து திரும்பும்போது லேண்ட்ஸ்கேப் ஆர்ச்சுக்கு மேலே இருக்கும் நீளமான பாறைச் சரிவை, களைத்துப்போன காலோடு, நாளின் கடைசியில் இறங்க வேண்டியிருக்கும்.

அதற்கு நான் சொல்லும் வழி: முதலில் லேண்ட்ஸ்கேப் ஆர்ச்சைப் பாருங்கள். அப்புறம் அந்தச் சரிவில் கொஞ்ச தூரம் ஏறி, அங்கிருந்து திரும்பி இறங்கிப் பாருங்கள். பத்து நிமிட வேலை. இரண்டு பேரும் நிம்மதியாக இறங்கினால் பிரிவுக்குத் திரும்பி வந்து ப்ரிமிடிவில் நுழையலாம். ஒருவருக்கு நடுக்கம் வந்தால் இன்றைக்கு முழுச் சுற்று கிடையாது, அவ்வளவுதான். அங்கேயே முடிவெடுப்பது நல்லது, ஏனென்றால் ப்ரிமிடிவில் பாதி தூரம் போய்விட்டால் முன்னே போவதும் பின்னே போவதும் ஒரே கஷ்டமாகிவிடும்.

கிளம்புமுன் காரிலேயே பேச வேண்டியது

மூன்று விஷயங்களை ஷூ லேஸ் கட்டும்போதே பேசி முடித்துவிடுங்கள். ஒன்று, திரும்பும் நேரம்: எத்தனை மணிக்கு எங்கே இருந்தாலும் வந்த வழி அல்லது குறுகிய வழியில் திரும்புவது. இரண்டு, தண்ணீர்: இருவரில் யாருடையது பாதியாகிறதோ அப்போது எங்கே நிற்கிறோம் என்று பார்ப்பது. மூன்றாவதுதான் முக்கியம்: யார் முதலில் "வேண்டாம்" என்கிறார்களோ அவர் சொல்லே முடிவு, காரணம் கேட்கக் கூடாது, வீட்டுக்கு வந்து கிண்டலும் பண்ணக் கூடாது. இந்தக் கடைசி வாக்குறுதி இல்லாமல் முதல் இரண்டும் வேலைக்கு ஆகாது.

பயப்படுகிறவர் பயம் என்று சொல்ல மாட்டார் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். எங்களவர் ஷூ லேஸை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தார். "என்னங்க, லேஸ் நல்லாத்தானே இருக்கு?" என்றதற்குத்தான் "அந்த ஓரம் கொஞ்சம் சாய்வா இருக்குல்ல?" என்று மெல்ல வந்தது. சிலர் திடீரென்று நிறையப் படம் எடுப்பார்கள், சிலர் ஒரேயடியாக மௌனமாகிவிடுவார்கள். உங்கள் ஆள் எந்த ரகம் என்று உங்களுக்குத்தானே தெரியும்.

லேண்ட்ஸ்கேப் ஆர்ச் வரை

காலை ஏழு மணிக்குள் வாகன நிறுத்தத்தில் இருங்கள், நேரம் போகப் போக இடம் கிடைக்காது. தொடங்கியதும் இரண்டு உயரமான ஃபின்களுக்கு நடுவில் நுழைகிறீர்கள். கொஞ்ச தூரத்தில் வலது பக்கம் டனல் ஆர்ச், பைன் ட்ரீ ஆர்ச் என்று ஒரு சின்னக் கிளை வரும். அதைத் திரும்பும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று பலர் சொல்வார்கள், திரும்பும்போது யாரும் பார்ப்பதில்லை. இப்போதே போய்விட்டு வாருங்கள்.

லேண்ட்ஸ்கேப் ஆர்ச் சுமார் 90 மீட்டர் நீளம், வட அமெரிக்காவிலேயே நீளமான ஆர்ச், அதில் மெலிந்த இடத்தின் தடிமன் இரண்டு மீட்டர்கூட இல்லை. 1991 செப்டம்பரில் அதன் அடியிலிருந்து சுமார் 18 மீட்டர் நீளத்துக்கு ஒரு பாறைப் பலகை பெயர்ந்து விழுந்தது, கீழே இளைப்பாறிக்கொண்டிருந்தவர்கள் விரிசல் சத்தம் கேட்டு ஓடித் தப்பினார்கள். அதற்கப்புறம் அடிவழியை மூடிவிட்டார்கள், வேலிக்கு இந்தப் பக்கமிருந்துதான் பார்க்க முடியும். இன்னும் கொஞ்சம் மேலே வால் ஆர்ச் என்று ஒன்று பாதையோரத்தில் நின்றது. 2008 ஆகஸ்டில் ஒரு ராத்திரியில் அது மொத்தமாக இடிந்தது, இப்போது அங்கே கற்குவியல்தான். இந்தப் பாறைகளின் அடியில் உட்கார்ந்து சாப்பிட இடம் தேடுகிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

இங்கேதான் நான் சொன்ன சோதனை ஏற்றம். செய்து பாருங்கள், அப்புறம் பிரிவுக்குத் திரும்புங்கள்.

ப்ரிமிடிவ் டிரெயில்

பலகையிலேயே கடினமான நடை என்று எச்சரித்திருப்பார்கள். முதலில் மணல் பாதை, சற்று இறக்கம், ஜூனிப்பர் மரங்கள். சுலபமாகத்தான் தோன்றும். பாதையைக் காட்டுவது அங்கங்கே அடுக்கியிருக்கும் சின்னக் கற்குவியல்கள். ஒரு குவியலைக் கடக்குமுன் அடுத்தது கண்ணில் படுகிறதா என்று பாருங்கள். படவில்லை என்றால் ஒருவர் கடைசிக் குவியலிலேயே நிற்கட்டும், இன்னொருவர் கூப்பிடு தூரத்துக்குள் மட்டும் தேடட்டும். இருவராகப் போவதில் கிடைக்கும் பெரிய லாபமே இதுதான், தனி ஆளுக்கு இந்த வசதி கிடையாது. நீங்களாகப் புதுக் குவியல் எதையும் அடுக்காதீர்கள், அழகுக்காகக் கட்டினாலும் பின்னால் வருகிறவரை வழி தவறச் செய்யும்.

ஓடைகளில் காலடித் தடங்கள் நாலா பக்கமும் போகும், தடத்தை நம்பாதீர்கள், வழி தவறியவர்களுக்கும் கால் இருக்கிறது.

பாதையோர மண்ணில் கறுப்பாக, முண்டும் முடிச்சுமாக ஒரு மேலோடு தெரியும். அழுக்கு மண் என்று நினைத்துவிட வேண்டாம், உயிருள்ளது, நீலப்பச்சைப் பாசியும் பாசியினங்களும் சேர்ந்து மணலைக் கட்டிப்பிடித்து வைத்திருக்கின்றன. ஒரு மிதி மிதித்தால் பழைய நிலைக்கு வரப் பல்லாண்டுகள் ஆகும். பாறை, ஓடை மணல், டிரெயில், இந்த மூன்றில் மட்டும் கால் வையுங்கள். பாறைக் குழிகளில் தேங்கிய நீரிலும் கால் கழுவாதீர்கள், அதற்குள் வறட்சியில் முட்டையாகக் காத்திருந்து மழைக்குப் பொரிக்கும் சின்ன இறால்கள் இருக்கும், உங்கள் சன்ஸ்க்ரீன் அவற்றுக்கு விஷம்.

ஃபின்களுக்கு நடுவில் நுழைந்ததும் ஏற்றங்கள் தொடங்கும். பாறையில் நடக்கும் முறையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

சரிவில் ஏறும்போது பயத்தில் உடம்பு பாறையைப் பார்த்துச் சாயும், கையால் தரையைத் தொடத் தோன்றும். அப்படிச் சாய்ந்தால் பாதத்தின் மேலிருக்கும் எடை போய்விடும், ஷூ வழுக்கும். நிமிர்ந்து, இடுப்பு பாதத்துக்கு நேர் மேலே இருக்கும்படி, அடி முழுவதும் பாறையில் படியும்படி சின்னச் சின்ன எட்டு வையுங்கள். ஓடை மணலில் நடந்து வந்த ஷூவின் அடியில் மணல் ஒட்டியிருக்கும், அதோடு பாறையில் கால் வைத்தால் சறுக்கும். ஒவ்வொரு ஏற்றத்துக்கு முன்னாலும் அடியைப் பேண்டில் தேய்த்துத் துடையுங்கள். கேலியாகத் தெரியும், ஆனால் வித்தியாசம் உடனே தெரியும். இறங்கும்போது முழங்காலை மடக்கி, முகம் கீழ்நோக்கி இருக்கட்டும். ரொம்பச் செங்குத்து என்றால் கூச்சப்படாமல் உட்கார்ந்து நகருங்கள்.

அப்புறம் ஜோடிகள் எல்லாரும் செய்யும் ஒரு காரியம்: சரிவில் கையைப் பிடித்துக்கொள்வது. தயவுசெய்து வேண்டாம். ஒருவர் வழுக்கினால் இன்னொருவரும் போவார், அதோடு மேலே இருப்பவர் இழுத்தால் கீழே இருப்பவரின் எடை காலிலிருந்து விலகிவிடும். உதவ வேண்டுமென்றால் கீழே இருப்பவர் உறுதியான இடத்தில் நின்று, ஏறுகிறவரின் இடுப்புக்குப் பின்னால் இரண்டு கையையும் தயாராக வைத்துக்கொள்ளட்டும். வழுக்கினால் தாங்கி, உடம்பைப் பாறையோடு அழுத்தி நிறுத்துவதுதான் வேலை, தூக்குவது அல்ல. கீழே நிற்கவே இடமில்லாத அளவுக்கு விளிம்பு என்றால் அது உதவியோடு தாண்ட வேண்டிய இடம் கிடையாது. குள்ளமான ஆளுக்குக் கால் எட்டாத படிகளில் முதலில் பைகளைக் கழற்றி மேலே கொடுத்துவிடுங்கள். முதுகில் நான்கு கிலோ குறைந்தாலே பாதிப் பயம் போய்விடும். எதையும் ஏறுமுன் ஒரு கேள்வி: இதே இடத்தில் திரும்பி இறங்க வேண்டி வந்தால் நம்மால் முடியுமா?

ஓரிடத்தில் சாய்வான பாறையின் விளிம்பைக் குறுக்காகக் கடக்க வேண்டும், கீழே பள்ளத்தில் சில நேரம் தண்ணீர் தேங்கியிருக்கும். மழைக்குப் பிறகு ஆழமாகவும் இருக்கலாம். இங்கே பெரும்பாலானவர்கள் திணறுவார்கள், வரிசை நிற்கும், பின்னால் நிற்பவர்களின் பார்வை அவசரப்படுத்தும். வழிவிட்டு ஒதுங்கி நின்று நான்கு பேர் எப்படிக் கடக்கிறார்கள் என்று பாருங்கள், யார் எங்கே கால் வைத்தார்கள் என்று கவனித்தாலே பாதி வேலை முடிந்தது.

நடக்கும் வரிசையில் யாருக்கு வேகம் குறைவோ அவர் முன்னால். மற்றவர் பின்னால் இருந்து "சீக்கிரம்" என்ற வார்த்தையை வாயில் எடுக்காமல் வரட்டும்.

"நல்லா இருக்கியா?" என்று கேட்டால் "ம்" என்றுதான் பதில் வரும். அதற்குப் பதில் கடைசியாக எப்போது தண்ணீர் குடித்தாய், கடைசியாக என்ன சாப்பிட்டாய், சிறுநீர் போனாயா, என்ன நிறம் என்று கேளுங்கள். வெயில் தாக்குதலின் ஆரம்ப அறிகுறிகளில் எரிச்சலும் ஒன்று. பாதி வழியில், காரணமே இல்லாமல், மூன்று வருடத்துக்கு முன்னால் அவர் தங்கை கல்யாணத்தில் நடந்ததைப் பற்றிச் சண்டை வந்தால், அது கல்யாணத்தைப் பற்றியதாக இருக்காது. நிழலில் உட்காருங்கள், குடியுங்கள், உப்பாக ஏதாவது சாப்பிடுங்கள், கால் மணி நேரம் கழித்துச் சண்டையைத் தொடரலாமா என்று பாருங்கள். தலைசுற்றல், வாந்தி, வியர்வை அதிகமாகித் தோல் சில்லென்று இருந்தால் அன்றைய நடை அங்கேயே முடிந்தது, குளிர்வித்துத் திரும்புங்கள். பேச்சு குழறினால், புத்தி தடுமாறினால் அது உயிருக்கு ஆபத்து, உடனே உடம்பை நனைத்து விசிறுங்கள், 911-க்கு முயலுங்கள், சிக்னல் இல்லாவிட்டால் வருகிற முதல் ஆளை அனுப்புங்கள். செயற்கைக்கோள் வழியாக அவசரச் செய்தி அனுப்பும் போன் இருந்தால் எப்படி என்று வீட்டிலேயே பழகிக்கொள்ளுங்கள்.

டபுள் ஓ-வை நெருங்கும் பக்கத்தில் ப்ரைவேட் ஆர்ச்சுக்கு ஒரு கிளை இருக்கிறது. கூட்டம் குறைவு, நிழலும் கிடைக்கும், முக்கியச் சாப்பாட்டை அங்கே வைத்துக்கொள்ளலாம், ஆர்ச்சின் நேர் அடியில் மட்டும் உட்கார வேண்டாம். குப்பை மட்டுமல்ல, பழத்தோலும் பையில்தான் திரும்ப வேண்டும், வறண்ட நிலத்தில் அது சீக்கிரம் மக்காது.

டபுள் ஓ, டார்க் ஏஞ்சல்

ஒன்றன் மேல் ஒன்றாக இரண்டு வட்டங்கள், பெரியது மேலே, சின்னது கீழே. சின்ன வட்டத்தின் வழியாக அந்தப் பக்கம் போய்ப் பார்த்தால்தான் முழு உருவம் பிடிபடும். இங்கிருந்து இன்னும் சுமார் 600 மீட்டர் போனால் டார்க் ஏஞ்சல், தனியாக நிற்கும் 46 மீட்டர் உயரக் கறுத்த பாறைத் தூண். போகலாமா வேண்டாமா என்றால், தண்ணீர் பாதிக்கு மேல் இருந்தால் போங்கள், இல்லாவிட்டால் தூரத்திலிருந்தே தெரியும், அதுவே போதும். ஆர்ச் எண்ணிக்கையை முடிக்க வேண்டும் என்ற வெறியில்தான் பலர் இந்த இடத்தில் தேவையில்லாத ஒரு மணி நேரத்தைச் செலவழிக்கிறார்கள்.

ஃபின் மேல் திரும்பி வருவது

டபுள் ஓ-விலிருந்து முக்கியப் பாதை வழியாகத் திரும்பும்போது ஒரு ஃபினின் தலைமேல் நடக்க வேண்டியிருக்கும். இரண்டு பக்கமும் பள்ளம். நடக்கும் இடம் நினைப்பதைவிட அகலம், வீட்டு நடைக்கூடத்தில் அந்த அகலத்தில் யாரும் தடுமாற மாட்டார்கள். ஆனால் காற்று அடிக்கும்போது கண் தானாக ஓரத்துக்குப் போகும். பார்வையை ஐந்தாறு அடி முன்னால் பாறையில் வைத்துக்கொள்ளுங்கள். தொப்பியின் கயிற்றைக் கட்டிவிடுங்கள், பறந்த தொப்பியை எட்டிப் பிடிப்பது அனிச்சைச் செயல், அது இங்கே கூடாது. பலமான காற்று என்றால் ஃபினுக்கு முன்னால் காத்திருங்கள், அடங்கி அடங்கித்தான் வீசும்.

அவர் இங்கே நிற்காமல் உட்கார்ந்துவிட்டார். குதிரை மேல் உட்கார்ந்த மாதிரி காலை இரண்டு பக்கமும் போடவெல்லாம் இல்லை, நடுவில் சம்மணம் போல உட்கார்ந்து, உள்ளங்கையை ஊன்றி ஊன்றி நகர்ந்தார். நான் பின்னால் நின்று ஒன்றும் பேசவில்லை. எதிரே வந்த ஒரு வயதான ஜோடி அகலமான இடத்தில் ஒதுங்கி, அவசரமே இல்லாததுபோல பள்ளத்தாக்கைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். முடித்து எழுந்தபோது அவருடைய பேண்டின் பின்பக்கம் முழுக்கச் செம்மண் நிறம், அது இன்றுவரை போகவில்லை. இப்படி நகர்வதில் எந்த அவமானமும் கிடையாது. ஃபினில் ஆபத்தானது தைரியமாகக் காட்டிக்கொண்டு விறைத்த காலோடு வேகமாக நடப்பதுதான்.

இதற்கப்புறம் நவஹோ ஆர்ச், பார்ட்டிஷன் ஆர்ச் கிளைகள் வரும். இரண்டில் ஒன்றுக்குத்தான் தெம்பு இருக்கிறது என்றால் பார்ட்டிஷனைத் தேர்ந்தெடுங்கள், ஜன்னல் போல அதன் வழியே வெளி முழுவதும் திறந்து கிடக்கும். நவஹோவின் அடியில் நல்ல நிழல் உண்டு, வெயில் உறைக்கும் நாளில் என் சிபாரிசு மாறும்.

கடைசியாக, காலையில் சோதித்துப் பார்த்த அதே சரிவு. இறங்குமுன் ஐந்து நிமிடம் உட்காருங்கள், ஷூ அடியைத் துடையுங்கள், லேஸை இறுக்குங்கள். ஒருவர் இறங்கி முடித்து ஓரமாக ஒதுங்கிய பிறகுதான் அடுத்தவர். இறங்கும்போது மேலேறி வருகிறவர்களுக்கு வழிவிட்டு நில்லுங்கள், அவர்களில் பலர் செருப்பில் வருவார்கள், அரை லிட்டர் பாட்டிலோடு. கேட்டால் சொல்லுங்கள், கேட்காவிட்டாலும் டபுள் ஓ வரை தண்ணீர் கிடையாது என்பதை மட்டும் சொல்லிவிடுங்கள்.

லேண்ட்ஸ்கேப்பிலிருந்து வாகன நிறுத்தம் வரை மிஞ்சியிருப்பது சமமான சரளைப் பாதை, ஆனால் பிற்பகல் வெயிலில் அதுதான் நீளமாகத் தோன்றும். தண்ணீரில் கொஞ்சத்தை இதற்கென்று வைத்திருங்கள். குழாயடிக்கு வந்ததும் கழுத்தின் பின்பக்கத்தை நனைத்துக்கொண்டு, யார் ஓட்டுவது என்று அங்கேயே முடிவு செய்யுங்கள். வாசல் வரை 29 கி.மீ. வளைவுச் சாலை, முக்கால் மணி நேரம் பிடிக்கும், சாயும் வெயில் கண்ணில் அடிக்கும், அந்தி நேரத்தில் மான்கள் குறுக்கே வரும். ஓட்டப் போகிறவர் ஷூவைக் கழற்றிக் கால் மணி நேரம் உட்காரட்டும், மற்றவர் அதற்குள் பைகளை டிக்கியில் போட்டு, வெளியே மெசேஜுக்காகக் காத்திருப்பவருக்கு முடிந்துவிட்டது என்று ஒரு வரி எழுதி வைக்கட்டும். சிக்னல் வந்ததும் அது தானாகப் போய்விடும்.